பூ உதிர்ந்த பிறகும் பெயர் சொல்ல: நம் புதர்க்காட்டுப் பூச்செடிகளை அடையாளம் காண்பது எப்படி?

பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூ பறித்து வரச் சொன்னால், கொங்குப் பக்கம் எந்தப் பிள்ளையும் ஓடிப்போய்க் கொண்டு வந்துவிடும். காடு மேடெல்லாம் மஞ்சளாக நிற்கும்போது அதில் என்ன சிரமம்? அதே செடியை, நாலு பூகூட இல்லாத வறண்ட ஆடி மாதத்தில் காட்டிக் கேளுங்கள். பெரியவர்களிலேயே பாதிப் பேர் யோசிப்பார்கள். பூவை வைத்து மட்டும் செடியைப் படித்தால், வருடத்தில் சில வாரங்கள்தான் அந்தச் செடி நமக்குத் தெரியும். மீதி நாளெல்லாம் அது வெறும் புதர்.

அதனால் இந்த வழிகாட்டியில் பூ கடைசியில்தான் வருகிறது. முதலில் இலை, கணு, முள், பால், வாசனை. தமிழ்நாட்டுச் சமவெளிப் புதர்க்காடுகளையும், சிறுமலை, அழகர்மலை, சேர்வராயன், ஜவ்வாது போன்ற மலைகளின் அடிவாரத்தையும், புதுக்கோட்டையிலிருந்து விழுப்புரம் வரை கோயில்காடுகளாக எஞ்சி நிற்கும் கடற்கரையோரக் காடுகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உயரமான சோலைக்காடுகள் வேறு உலகம், அங்கே வேறு செடிகள்.

கிளம்பும் முன்

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆனால் கற்றுக்கொள்ள உள்ளே போகவே வேண்டாம். மலைக்கோயில் படிக்கட்டு ஓரம், கண்மாய்க் கரை, அய்யனார் கோயில்காடு, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றில் நம் நாட்டுப் புதர்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். கோயில்காட்டில் ஒரு தழையைக்கூட ஒடிக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு இருந்தால், அதை அப்படியே மதியுங்கள். அந்தக் காடு இன்றும் நிற்பதே அந்தக் கட்டுப்பாட்டால்தான்.

கையில் ஒரு நோட்டு, பென்சில், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ், ஓர் அளவுகோல் போதும். முழுக்கை சட்டை அவசியம். புதருக்குள் கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்பு இருந்தால் விலகிப் போக நேரம் கிடைக்கும். சத்தியமங்கலம், கோயம்புத்தூர் மலையடிவாரங்களில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே காலை எட்டு மணிக்கு முன்னும், பொழுது சாயும் நேரத்திலும் போக வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கசக்கி முகரலாம், வாயில் வைக்கக் கூடாது. ஒடுவந்தழை என்று ஒரு செடி நம் காடுகளில் சாதாரணமாக வளர்கிறது. வட்டமான இலையோடு, எந்த முள்ளும் இல்லாமல், பார்க்கச் சாதுவாக இருக்கும். அதன் இலை ஆளைக் கொல்லும் விஷம். பெயர் உறுதியாகத் தெரியாத எதையும் ருசி பார்த்துக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள்.

முதல் படி: இலைகள் எப்படி நிற்கின்றன?

ஒரு கிளையைப் பிடியுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம்தான் கணு. ஒரே கணுவில் எதிரெதிராக இரண்டு இலைகளா, அல்லது ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது மேலே அந்தப் பக்கம் என்று மாறி மாறியா? இந்த ஒரு கேள்வியிலேயே காட்டுப் புதர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும்.

எதிரெதிர் இலைக் கூட்டத்தில் காரை, களா, பாவட்டை, வெட்சி, காயா, நொச்சி, குமிழ், முட்சங்கு எல்லாம் வரும். மாறி மாறி வரும் கூட்டத்தில் ஆவாரை, விராலி, ஆதண்டை, சூரை, குருந்து, வலம்புரி, விடத்தேர். பத்து வினாடி வேலை. ஆனால் இதைப் பார்க்காமல் நேரே பூவின் நிறத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

கொஞ்சம் முதிர்ந்த கிளையில் பாருங்கள். நுனித் தளிரில் இலைகள் நெருக்கமாக இருந்து ஏமாற்றும். காரையிலும் மருக்காரையிலும் குட்டையான பக்கக் கிளைகளில் இலைகள் கொத்தாக நிற்பதால் எதிரெதிர் என்பதே தெரியாது. புதிதாக நீண்டு வளர்ந்த கிளையைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

அடுத்து, அது தனி இலையா, கூட்டிலையா? ஆவாரையில் நாம் இலை என்று நினைக்கும் ஒவ்வொன்றும் சிற்றிலைதான். நடு ஈர்க்கோடு சேர்ந்த மொத்தமும்தான் ஓர் இலை. நொச்சியில் ஒரே காம்பு நுனியிலிருந்து மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் கைவிரல் மாதிரி விரியும். குழப்பம் வந்தால் மொட்டைத் தேடுங்கள். மொட்டு இலையின் கக்கத்தில், அதாவது காம்பும் தண்டும் சேரும் மூலையில் இருக்கும், சிற்றிலையின் கக்கத்தில் இருக்காது.

இரண்டாம் படி: முள்ளைப் படிப்பது

நம் காட்டில் பாதிச் செடிக்கு முள் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானுக்கும் தப்பிப் பிழைக்க வேண்டுமே. முள் இருக்கிறது என்று மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. எங்கே இருக்கிறது, எத்தனை, நேரா வளைவா என்று பார்த்தால், பூவே இல்லாமல் பெயர் சொல்லிவிடலாம்.

காரையில் இலைக் கக்கத்துக்குச் சற்று மேலே இரண்டு நேரான முட்கள், கைகளை இரு பக்கமும் நீட்டி நிற்கிற மாதிரி எதிரெதிராக இருக்கும். முட்சங்கில் ஒரு கணுவுக்கு நான்கு முட்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் இதைவிட எளிதான அடையாளம் வேறு இல்லை. இலை நுனியும் ஊசியாகக் குத்தும்.

சூரையில் பெரும்பாலும் ஒற்றை முள், கீழ்நோக்கிக் கொக்கியாக வளைந்திருக்கும். துணியைப் பிடித்தால் முன்னால் போகப் போக இன்னும் இழுக்கும், பின்வாங்கித்தான் கழற்ற வேண்டும். அதன் உறவான இலந்தையில் முட்கள் பெரும்பாலும் ஜோடியாக, ஒன்று நேராக, ஒன்று வளைந்து. இரண்டுக்கும் இலையில் அடியிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்பும். இலந்தையின் இலையடி வெள்ளைக் கம்பளி ஒட்டியது போல அடர்த்தியாக வெளுத்திருக்கும்.

ஆதண்டையிலும் வளைந்த முள் ஜோடியாக உண்டு, ஆனால் மூன்று நரம்பு கிடையாது. விடத்தேரில் முள் என்பது தனி உறுப்பே இல்லை. குட்டைக் கிளையின் நுனியே கூர்ந்து முள்ளாகியிருக்கும். அதனால்தான் அந்த முள்ளிலேயே இலை முளைத்திருப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: கணுவை உற்றுப் பார்ப்பது

பல செடிகளில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்னதாக ஒரு செதில் இருக்கும். இலையடிச் செதில் என்பார்கள். லென்ஸ் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

எதிரெதிர் இலை, இரண்டு காம்புகளுக்கும் நடுவில் தண்டின் மேல் முக்கோணமாக ஒரு செதில், பல்லில்லாமல் மழமழப்பான இலை விளிம்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் அது காப்பிச் செடியின் குடும்பம் என்று துணிந்து எழுதலாம். காரை, மருக்காரை, வெட்சி, பாவட்டை, சுளுந்து எல்லாம் இந்தக் குடும்பம்தான். இந்தச் செதிலைப் பழகிக்கொண்டால், முன்பின் பார்க்காத செடியைக்கூடக் குடும்பம் வரை கொண்டுபோய் நிறுத்தலாம்.

ஆவாரையின் செதில் வேறு மாதிரி. இலையடியில் தண்டைத் தழுவிக்கொண்டு, காது மடல் போல அகலமாகப் பச்சையாக விரிந்திருக்கும். அதன் அறிவியல் பெயரான சென்னா ஆரிகுலேட்டா என்பதில் உள்ள 'ஆரிகுலேட்டா' என்ற லத்தீன் சொல்லுக்கே காதுடையது என்றுதான் பொருள். பொங்கலுக்கு நாலு மாதம் முன்பே, பூ இல்லாத ஆவாரையை இந்தக் காதை வைத்துச் சொல்லிவிடலாம். சந்தேகமிருந்தால் ஒவ்வொரு ஜோடி சிற்றிலைக்கும் நடுவில், ஈர்க்கின் மேல் சின்ன ஆணி போல ஒரு சுரப்பி நிற்கிறதா என்று பாருங்கள்.

பேயாவாரை என்று ஒன்று சாலையோரம் நிறைய முளைக்கிறது. அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அதில் இந்தக் காதும் இல்லை, ஜோடிக்கு ஒரு சுரப்பியும் இல்லை. காம்பின் அடியில் ஒரே ஒரு சுரப்பி. சிற்றிலைகள் நுனி கூர்ந்து, நுனிப்பக்கம் போகப் போகப் பெரிதாகும். கசக்கினால் நாற்றம் வேறு.

நான்காம் படி: ஒடி, கசக்கு, வெளிச்சத்தில் பிடி

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது மதுரைப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பூத்திருந்த ஒரு புதருக்கு முன்னால் வெகுநேரம் நின்று, வெறும் பூவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, "தம்பி, பூவு நாளைக்கு இருக்காது. தழையக் கசக்கி மோந்து பாரு, அப்புறம் மறக்காது" என்றார். கசக்கினேன். எலுமிச்சை வாசம். குருந்து. அன்றைக்குப் பிறகு குருந்தை நான் தவறவிட்டதில்லை.

இலைக் காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் வருகிறதா? எதிரெதிர் இலை, வலுவான முள், கூடவே பால் என்றால் களா. ஊறுகாய் போடுகிறோமே, அந்தக் களாக்காய்ச் செடியும், காட்டில் தானாக வளரும் அதன் தம்பியான சிறுகளாவும் இப்படித்தான். காரைக்கும் எதிரெதிர் இலையும் முள்ளும் உண்டு, பால் மட்டும் கிடையாது. தூரத்திலிருந்து ஒன்று போலத் தெரியும் இந்த இரண்டையும் ஒரே ஓர் இலையை ஒடித்துப் பிரித்துவிடலாம். பால் வந்த கையைக் கண்ணில் வைக்காதீர்கள். எந்தச் செடிப் பாலுக்கும் இது பொருந்தும், எருக்கம்பாலுக்கு ரொம்பவே பொருந்தும்.

நொச்சித் தழையின் வாசம் சளி பிடித்து ஆவி பிடித்த எல்லோருக்கும் தெரியும். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெள்ளை. காற்றடிக்கும்போது புதரே நிறம் மாறுவது போலிருக்கும். விராலி இலை கையில் பிசுபிசுக்கும். வெயிலில் அரக்குப் பூசியது போலப் பளபளக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இலையைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து பாருங்கள். குருந்து இலையில் ஊசியால் குத்திய ஓட்டைகள் மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரியும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை என்று அந்தக் குடும்பம் முழுக்க இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. பாவட்டை இலையைப் பிடித்தால் நேர்மாறு. மெல்லிய பச்சையில் அங்கங்கே கரும்புள்ளிகள், பேனாவால் தொட்டு வைத்தது போல. நோய் என்று நினைக்காதீர்கள். அவை இலைக்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் சின்னச் சின்ன முடிச்சுகள். செடியும் அவையும் ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன. முதல் முறை இதைப் பார்த்த அன்று ஒவ்வோர் இலையாகத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காயா இலையில் தேட வேண்டியது வேறு. தடித்து, மழமழவென்று இருக்கும். நடு நரம்பு மேல்பக்கம் பள்ளமாகப் பதிந்திருக்கும். பக்க நரம்புகள் கண்ணுக்கே தெரியாது. எதிரெதிர் இலை, பக்க நரம்பு தெரியவில்லை என்றால் காயாவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஐந்தாம் படி: இப்போது பூ

இதுவரை எழுதியதை வைத்து ஒரு பெயரை மனதில் வைத்திருப்பீர்கள். பூ அதைச் சரிபார்க்க. நான்கு விஷயம் போதும்: இதழ் எத்தனை, தனித்தனியா குழாயாக ஒட்டியிருக்கிறதா, மகரந்தம் தாங்கி நிற்கும் கேசரம் எத்தனை, பூ எங்கிருந்து கிளம்புகிறது. நிறத்தைக் கடைசியாக எழுதுங்கள். ஏனென்றால் நம் காட்டில் நிறம் மாறும் பூக்கள் பல.

மருக்காரைப் பூ வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாகும். ஒரே கிளையில் இரண்டு நிறமும் இருக்கும். காய் வந்துவிட்டால், அதன் தலையில் கொய்யாவுக்கு இருப்பது போலப் புல்லிவட்டம் (பூவின் வெளிப்புறப் பச்சை வட்டம்) கிரீடமாக நிற்கும். வலம்புரி செங்கல் சிவப்பில் மலர்ந்து, வாடும்போது ஈயம் போல நீலச் சாம்பலாகிவிடும். அதன் காயைப் பார்த்தால் பூவே தேவையில்லை. கயிறு முறுக்கியது போலத் திருகியிருக்கும்.

ஆதண்டை மாசி, பங்குனி வாக்கில் பூக்கத் தொடங்கும். வெள்ளை இதழ், நீளமான கேசரங்கள் ஒரு கொத்து. நாள் போகப் போக எல்லாம் இளஞ்சிவப்பாக மாறும். பூக்கள் இலைக் கக்கத்துக்கு மேலே தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை கட்டி நிற்பதுதான் உறுதியான அடையாளம். நாம் வற்றல் போடும் ஆதண்டங்காய் இந்தச் செடியில் காய்ப்பதுதான்.

விடத்தேரின் பூங்கொத்து தலைகீழாகத் தொங்கும் சின்னக் குஞ்சம். மேல் பாதி இளஞ்சிவப்பு, கீழ் பாதி மஞ்சள். மேல் பாதி வெறும் அலங்காரம். காய்ப்பது மஞ்சள் பாதி மட்டுமே. பூவில்லாத நாளில் இதைச் சீமைக் கருவேலம் என்று வெட்டிவிடுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கும். முள்ளில் இலை முளைக்கிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் தப்பித்திருக்கும்.

வெள்ளைப் பூ விஷயத்தில்தான் ரொம்பத் தடுமாறுவோம். பாவட்டையும் சுளுந்தும் வெள்ளைதான், கொத்துதான், நான்கு இதழ்தான், எதிரெதிர் இலைதான். காய்ந்த குச்சியைத் தீப்பந்தமாகப் பிடித்தார்களே, அந்தச் சுளுந்துதான். பூவின் நடுவில் நிற்கும் சூல்தண்டின் நுனியைப் பாருங்கள். சுளுந்தில் நுனி இரண்டாகப் பிளந்து விரியும். பாவட்டையில் பிளவு இல்லாமல், பூவைவிட்டு வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். கொத்து முழுக்க ஊசி குத்தி வைத்தது போலத் தெரியும். இலையின் கரும்புள்ளி பாவட்டைக்கு இன்னொரு சாட்சி.

சுளுந்தின் நெருங்கிய உறவுதான் வெட்சி, நாம் இட்லிப்பூ என்பது. ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ. கோட்டையைக் காத்தவர்கள் சூடியது நொச்சி. திணைகளுக்கே பெயர் கொடுத்த இந்த இரண்டும் இன்றும் மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் புதராக நிற்கின்றன.

காயா பூப்பதைப் பார்க்கக் கோடையில் ஒரு கோயில்காட்டுக்குப் போங்கள். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று ஏன் சொன்னார்கள் என்பது அங்கே புரியும். இலை உதிர்ந்த பழைய கிளைகளின் கணுக்களில் கருநீலப் பூக்கள் மொய்த்துக் கிடக்கும். ஒரு பூவில் நான்கு இதழ், எட்டுக் கேசரம். சில நாளில் எல்லாம் உதிர்ந்து தரை நீலமாகும்.

ஆவாரம்பூவின் முன்னால் மட்டும் கால் மணி நேரம் உட்காருங்கள். கருவண்டு வந்து கேசரங்களைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைக்கும். அப்போது சத்தமே மாறும். மகரந்தம் கேசர நுனியிலுள்ள துளை வழியாகத்தான் வெளியே வரும், அதனால் அதை உலுக்கித்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டை வைத்துக்கொண்டிருக்கும்.

வந்தேறிகளைப் பிரிப்பது

உண்ணிச்செடியை நம் நாட்டுச் செடி என்றே பலர் நினைக்கிறார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டு வந்தது, இன்று காட்டையே மூடிக்கொண்டிருக்கிறது. சதுரத் தண்டு, அதில் சின்ன வளைமுட்கள், சொரசொரப்பான எதிரெதிர் இலை, கசக்கினால் குமட்டும் நெடி, ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறம். நொச்சியின் தண்டும் சதுரம்தான். ஆனால் நொச்சிக்கு முள் இல்லை, இலை விரல்களாகப் பிரிந்திருக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக் கருவேலமும் அமெரிக்கச் செடிகளே. மஞ்சள் நிறத்தில் எக்காளம் மாதிரிப் பூக்கும் சொர்ணபட்டியும் அப்படித்தான். முள்ளோடு மஞ்சள் பூ தொங்கினால் அது நம் குமிழாக இருக்கலாம். நம் பழைய புலவர்கள் பெண்களின் மூக்குக்கு உவமை சொன்ன பூ.

ஆறாம் படி: எழுதி வைப்பது, பெயரை உறுதி செய்வது

என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "பங்குனி இரண்டாம் வாரம். கோயில் படிக்கட்டுக்கு இடப்பக்கம், சரளை மண், பாதி நிழல். இடுப்புயரம், அடியிலிருந்தே பல கிளை. இலை எதிரெதிர், தனி இலை, நடுவில் முக்கோணச் செதில். முள் இல்லை. பால் இல்லை. வெளிச்சத்தில் கரும்புள்ளி. மொட்டு வெள்ளை, இன்னும் விரியவில்லை." பூ விரியும் முன்பே பாவட்டை என்று ஓரத்தில் எழுதிவிட்டேன்.

படம் எடுத்தால் ஐந்து எடுங்கள்: முழுச் செடி, கணு, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூ அல்லது காய். பூவை மட்டும் எடுத்து அனுப்பினால் தேர்ந்த தாவரவியலாளரும் கையை விரிப்பார். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் உதவும், ஆனால் அவை சொல்லும் முதல் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கணுவும் முள்ளும் ஒத்துப் போகிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதுங்கள், கூடவே எந்த ஊரில் கேட்டது என்றும் எழுதுங்கள். காயாவைக் காசான் என்பார்கள், சில இடத்தில் அஞ்சனி என்பார்கள். ஒரே செடிக்கு மூன்று பெயரும், ஒரே பெயரில் மூன்று செடியும் நம் ஊரில் சகஜம். அதனால்தான் அறிவியல் பெயரும் வேண்டியிருக்கிறது. கடைசி வரை பிடிபடாத செடி என்றால், திருச்சி ராபினாட் ஹெர்பேரியம், கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் போன்ற இடங்களில் உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ஐந்து செடி போதும் என்பேன்: ஆவாரை, நொச்சி, காரை, களா, பாவட்டை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இவை இருக்கும் ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை அதே பாதையில் நடங்கள். ஆடியில் இலை மட்டும் இருக்கும் நாளில் அவசியம் போங்கள். காரையா களாவா என்று சந்தேகம் வந்தால், ஓர் இலையை ஒடித்துப் பாருங்கள்.